என் வீட்டில் நான் விருந்தினர்

அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து, அது உடைந்து விழுவதற்குள் வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்த நேரத்தில் சுவர் பேசியது.

"அம்மா, யாரும்மா வந்திருக்கா?"

பிஸ்கட் தேநீரில் விழுந்துவிட்டது. கூடத்தின் மூலையில், புத்தக அலமாரிக்கு மேலே, ஓர் ஆரஞ்சுப் பழ அளவில் வெள்ளையாக உட்கார்ந்திருந்த கேமரா மெல்லக் கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தது. அதன் நெற்றியில் நீல விளக்கு எரிந்தது. குரல் என் மகனுடையதுதான், ஆனால் தகர டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவது போலக் கேட்டது. அவன் இருப்பதோ இரண்டு விமானம் மாறிப் போகவேண்டிய தூரத்தில். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார். குரல் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை சுற்றிலும் பார்த்து, கேமராவைக் கண்டுபிடித்து, சட்டையின் முன்பக்கத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டு அதற்கு ஒரு கும்பிடு போட்டார்.

"வணக்கம் தம்பி. நான் லேப்ல சாம்பிள் எடுத்துட்டுப் போறவன். அம்மாவுக்குத் தெரிஞ்சவன்."

ஐம்பத்து மூன்று வயது மனிதர், வேலைக்கு நேர்காணலுக்கு வந்தவர் மாதிரி நின்றார். எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"ஓ. சரிங்க சார். கதவு தெறந்துச்சுன்னு மெசேஜ் வந்துச்சு, அதான் பாத்தேன்." சுவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி பேசியது. "அம்மா, மத்தியானம் மாத்திரை போட்டியா?"

நீல விளக்கு அணைந்தது. அவர் உட்காரவில்லை. மிச்சமிருந்த தேநீரை, கரைந்துபோன பிஸ்கட்டோடு சேர்த்து, நின்றபடியே குடித்து முடித்தார். பிஸ்கட்டை எடுப்பதற்கு முன்னால் அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்திருந்தார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரெண்டு வாரமா நெனச்சுட்டே இருக்கேன்" என்பது வரைக்கும் வந்திருந்தது. அதை அடுத்து என்ன வரும் என்று எனக்குச் சுமாராகத் தெரியும். ஆனால் சுமாராகத் தெரிவது வேறு, காதால் கேட்பது வேறு. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அது எப்பவும் ஆன்லயே இருக்குமா?"

"தெரியலையே," என்றேன்.

அன்றைக்கு என்னை அதிகம் சுட்டது மகனின் கேள்வி அல்ல, என்னுடைய இந்தப் பதில்தான்.

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். இருபத்தைந்து வருடமாக மனிதர்களின் முழங்கை மடிப்பில் நரம்பு தேடிக்கொண்டிருக்கிறேன். எங்களுடையது சின்ன லேப். சர்க்கரை, கொழுப்பு மாதிரியானவற்றை நாங்களே பார்த்துவிடுவோம். மற்ற சாம்பிள்கள் பெரிய லேபுக்குப் போகும். அவற்றை எடுத்துப் போகத் தினமும் பதினொன்றரைக்குத் தோளில் குளிர்ப்பெட்டியோடு வருகிறவர்தான் அவர். ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட பதினொன்று நாற்பது ஆனதில்லை. பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் வெப்பமானியைப் படித்து, சீட்டில் எழுதி, என் கையெழுத்தை வாங்கி, டியூப்களைக் குழந்தையைத் தூளியில் போடுவது மாதிரி ஒவ்வொன்றாக உள்ளே வைப்பார். எங்கள் வரவேற்பு மேஜைக்காரி அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஐஸ்பெட்டி. "அக்கா, உங்க ஐஸ்பெட்டி வந்தாச்சு," என்று கதவுக்கு வெளியே அவர் நிழல் தெரியும்போதே சொல்லிவிடுவாள். எங்கள் ஐஸ்பெட்டி எப்போது 'உங்கள்' ஐஸ்பெட்டி ஆனது என்று நான் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் தேதியோடு சொல்லிவிடுவாள்.

மனைவி போய் ஒன்பது வருடம் ஆகிறது அவருக்கு. என் கணவர் போய்ப் பதினாறு. வீட்டுக்கு அவர் வந்தது மொத்தம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்தான். மூன்று தடவையும் தேநீர், பிஸ்கட், அந்த வாரத்து மழை, என் முழங்கால், அவர் வண்டியின் பிரேக். இவ்வளவுதான் பேசினோம். இந்த வயதில் அந்த அளவு பேச்சுக்கே மனது வாரம் முழுக்கத் தயாராகிறது என்பதை யாரிடம் சொல்வது.

இந்தக் கேமராவும் கூட்டாளிகளும் வந்த கதையைச் சொல்லாவிட்டால் என் மகனுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். இரண்டு வருடத்துக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்துவிட்டது. போன் கூடத்தில் கிடந்தது. ஏழு மணி நேரம் ஈரத் தரையில் கிடந்து, கடைசியில் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் காதில் என் குரல் விழுந்தது. மகன் விடுப்பு எடுத்துக்கொண்டு பறந்து வந்தான். பத்து நாள் எனக்குத் தலைவாரிவிட்டான், பின்னல் மட்டும் கடைசிவரை அவனுக்கு வரவில்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் கடையிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்து அவசர அவசரமாக எல்லாவற்றையும் மாட்டச் சொன்னான். வாசலில் கேமரா வைத்த அழைப்புமணி, போனில் திறக்கிற பூட்டு, கூடத்தில் கேமரா, சமையலறையில் சொன்னால் பாட்டுப் போடுகிற ஒலிபெருக்கி. "இனிமே நான் நிம்மதியா தூங்குவேன்மா," என்றான். எனக்கும் அப்போது அது பிடித்திருந்தது. பொய் சொல்லப் போவதில்லை. முதல் ஒரு மாதம், காலையில் நான் கூடத்துக்கு வந்ததும் சுவர் "குட்மார்னிங்மா" என்று சொல்லும். வீட்டில் இன்னொரு மூச்சு இருக்கிற மாதிரி இருக்கும். என் போனிலும் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தான். "நீ ஒண்ணும் அழுத்தாதே, தப்பா எதையாவது அழுத்திடுவே. மணி அடிச்சா யாருன்னு பாக்க மட்டும் வெச்சுக்கோ," என்றிருந்தான். நானும் நல்ல பிள்ளையாக எதையும் அழுத்தாமலே இருந்தேன்.

திங்கட்கிழமை ஐஸ்பெட்டி வந்தார், படித்தார், எழுதினார், வாங்கினார், போனார். பேச்சில்லை. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை நானே கேட்டேன், அடுத்த ஞாயிறு வருவீர்களா என்று. அவர் பெட்டியின் மூடியை இரண்டு தடவை அழுத்தி மூடினார்.

"வீட்டுக்கு வேணாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பையன் நல்ல பையன்தான், மரியாதையா பேசினாரு. ஆனா நான் கேக்க நெனச்சது நாலு பேர் காதுல விழற எடத்துல கேக்கற விஷயம் இல்ல."

"நாலு பேர் எங்க, அவன் ஒருத்தன்தானே?"

"அப்படியா?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சம்பந்தியம்மாவிடமிருந்து போன். என் மருமகளின் அம்மா. நல்ல மனுஷி, நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். முழங்கால் எப்படி, மழை எப்படி என்றெல்லாம் சுற்றிவிட்டு, "வீட்டுக்கு ஆளுங்க வந்து போறாங்க போல, நல்லதுதான் சம்பந்தி, தனியா எத்தன நாள்தான் இருப்பீங்க," என்றார். அவர் இருப்பது ரயிலில் ஒரு ராத்திரி தூரம். என் வீட்டுக்கு ஆள் வந்து போவது அவருக்கு எப்படித் தெரியும்? மகன் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து அவர் கேட்டது, "சோபாவுக்கு உறை மாத்திட்டீங்க இல்ல, அந்தப் பச்சைதான் நல்லா இருந்துச்சு."

சோபா உறையை நான் திங்கட்கிழமை மாற்றியிருந்தேன். மகனிடம்கூடச் சொல்லவில்லை.

கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்தச் செயலியில் கண்டதையும் அழுத்தினேன். ஒன்றும் வெடிக்கவில்லை. மூன்றாவது பக்கத்தில் 'வீட்டில் உள்ளவர்கள்' என்று இருந்தது. திறந்தால் பட்டியல். லேபில் எதையும் பேனாவால் எழுதிவைக்கிற பழக்கம் என்னை விடாது. ஒரு காகிதம் எடுத்து அப்படியே எழுதினேன். உரிமையாளர், மகன். உறுப்பினர், மருமகள். உறுப்பினர், என் அண்ணன். உறுப்பினர், சம்பந்தியம்மா. உறுப்பினர், 'இன்ஸ்டாலர் 2'. கடைசியில், விருந்தினர் என்று போட்டு, அதற்கு எதிரில் என் பெயர்.

இருபத்து மூன்று வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன். எந்த ஜன்னல் மழைக்கு உப்பும், எந்தக் குழாய் விடியற்காலையில் இருமும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் எனக்குக் கீழே யாரும் இல்லை.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கடைசியாக எப்போது உள்ளே வந்தார்கள் என்ற விவரமும் இருந்தது. அண்ணன் நேற்று. சம்பந்தியம்மா இன்று மத்தியானம். இன்ஸ்டாலர் 2, போன வியாழக்கிழமை காலை ஏழு பத்து. வியாழக்கிழமை காலை ஏழு பத்துக்கு நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். தலைக்குக் குளித்துவிட்டு, துண்டோடு கூடத்தைக் கடந்து அறைக்குப் போகிற நேரம் அது. தினமும் அதுதான் நேரம். கேமரா மாட்ட வந்த அந்த ஆளின் முகம்கூட எனக்கு நினைவில்லை. ஏணியில் நின்ற இரண்டு கால்களும், சுவரைத் துளைத்தபோது கொட்டிய வெள்ளைத் தூளும்தான் நினைவிருந்தன. மாட்டும்போது சோதித்துப் பார்ப்பதற்காகத் தன் போனையும் சேர்த்திருக்கிறான். போகும்போது அவனும் எடுக்கவில்லை, என் மகனும் எடுக்கவில்லை. என்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள அவசரப்பட்டதில் யாரோ ஒருவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு மறந்துபோயிருக்கிறான் என் பிள்ளை.

கேமராவின் தலையில் ஒரு துணிப்பையைக் கவிழ்த்து மாட்டிவிட்டு, வாசல் கதவின் உள்தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டேன். பயமாக இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில், ரொம்ப நாளாகத் தேடாமல் விட்ட ஏதோ ஒன்று கைக்குத் தட்டுப்பட்ட மாதிரியும் இருந்தது.

மறுநாள் லேபில் ஒருவர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் கார் சாவி. முந்தின நாள் ஒரு பெண் ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், அவளுடைய அறிக்கை வேண்டும் என்றார். ரசீதைக் கேட்டேன். இல்லை. அந்தப் பெண் கையெழுத்துப் போட்ட கடிதம்? அதுவும் இல்லை.

"நான் அவ புருஷங்க."

"சந்தோஷம் சார். அவங்க வந்து வாங்கிக்கட்டும்."

"புருஷன்கிட்ட மறைக்கறதுக்கு அதுல என்ன இருக்கு?"

"என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது சார். எங்ககிட்ட வந்ததும் பேரு போயிடும், டியூப் மேல நம்பர்தான் இருக்கும். கவர் ஒட்டினதுக்கு அப்புறம் அது அவங்க சொத்து. உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சா அவங்களே சொல்லுவாங்க."

"அவ நல்லதுக்குத்தாங்க கேக்கறேன்."

"இருக்கலாம் சார். அதையும் அவங்கதான் சொல்லணும்."

அவர் கார் சாவியை மேஜையில் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். இந்த மாதிரி ஆட்களை மாதத்துக்கு நாலு பேரையாவது பார்க்கிறேன். மாமியார், மேலதிகாரி, பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் அப்பா. ஒருவருக்கும் நான் கவரைக் கொடுத்ததில்லை. ஒருமுறை மேலாளரே சொல்லியும் கொடுக்கவில்லை. ஊசியை வெளியே எடுத்து, பஞ்சை வைத்து, "மடக்கிப் பிடிங்க" என்று அடுத்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. ஊரில் இருக்கிறவர்களின் ரத்தத்துக்கெல்லாம் காவல் நிற்கிறேன். என் சோபா உறையை ரயிலில் ஒரு ராத்திரி தூரத்தில் இருக்கிறவர் பார்த்துக் கருத்துச் சொல்கிறார்.

சனிக்கிழமை காலையில் விடுப்புப் போட்டேன். பரணில் ஏறி, கருவிகள் வந்த அட்டைப் பெட்டிகளை இறக்கி, உள்ளே இருந்த கையேடுகளைத் தரையில் பரப்பினேன். எழுத்து எறும்பு அளவுதான் இருந்தது. மருந்துக் குப்பியின் அடியில் இருக்கும் எழுத்தை இருபத்தைந்து வருடம் படித்த கண்ணுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஒவ்வொரு கருவியின் முதுகிலும் ஒரு துளை. அதில் மெல்லிய கம்பியை நுழைத்துப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் அது பழையதை எல்லாம் மறந்து, கடையிலிருந்து வந்த அன்றைய நிலைக்குப் போய்விடுமாம். தேடிப் பார்த்தேன், ஊசி எதுவும் சரியாக இல்லை. காதில் இருந்த தோட்டைக் கழற்றினேன். அதன் தண்டு கச்சிதமாக நுழைந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன், ரத்தம் எடுக்கும் முன் கையில் பட்டையைக் கட்டிவிட்டு எண்ணுவது மாதிரி. பத்தில் கேமராவின் நெற்றி சிவந்து, துடித்து, அணைந்தது.

கூடத்துக் கேமராவைத் திருகிக் கழற்றி அதன் பெட்டியிலேயே போட்டு மூடினேன். சமையலறை ஒலிபெருக்கியையும் அதோடு சேர்த்தேன். பாட்டுக் கேட்க எனக்கு ரேடியோ போதும். வாசல் மணியும் பூட்டும் வேண்டும். அவை நல்ல கருவிகள், அவற்றின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவற்றை என் பெயரில் புதிதாகச் சேர்த்தேன். இணைய இணைப்பின் கடவுச்சொல் என் மகன் பிறந்த தேதியாக இருந்தது. இரண்டு வருடமாக அண்ணனுக்கும், அண்ணன் பிள்ளைகளுக்கும், கேஸ் இணைப்புச் சோதிக்க வந்தவருக்கும்கூடச் சொல்லியிருக்கிறேன். அதை மாற்றினேன். புதியது நீளமானது, நாலு வார்த்தைகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. அதை இங்கேயும் சொல்லப் போவதில்லை. வேறு யாராவது புதிய போனிலிருந்து உள்ளே வரப் பார்த்தால், என் போனுக்கு ஓர் எண் வரும்படி வைத்தேன். அந்த எண் இல்லாமல் கதவு அசையாது. எல்லாம் முடிந்தபோது மணி பன்னிரண்டு. செயலி கேட்டது, இந்த வீட்டின் உரிமையாளர் யார் என்று. என் பெயரை முழுசாக, எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தேன்.

பன்னிரண்டரைக்கு வாசலில் அண்ணன் நின்றார். வழக்கமாகப் போனாலேயே பூட்டைத் திறந்துகொண்டு, "இருக்கியாம்மா" என்று உள்ளே வந்துவிடுகிறவர், போனைப் பூட்டுக்கு எதிரில் ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் மணியை அடித்தார்.

"பையன் அங்க பதறிட்டு இருக்கான். எல்லாம் செத்துப் போச்சாம். நீயும் போன எடுக்கல. நான் என்னமோ ஏதோன்னு ஓடி வர்றேன்."

"ஒண்ணும் சாகலண்ணே. நான்தான் கழட்டினேன்."

"எதுக்கு?"

"என் வீடு, அதுக்கு."

"யாரு இல்லைன்னா? ஒன் பாதுகாப்புக்குத்தானே அவன் அவ்வளவு செலவு பண்ணி வெச்சான்?"

நான் எழுதிவைத்திருந்த காகிதத்தை எடுத்து நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இன்ஸ்டாலர் 2-இல் விரல் நின்றது. யார் என்று கேட்டார். சொன்னேன். வியாழக்கிழமையையும் சொன்னேன், துண்டையும் சொன்னேன். அண்ணன் முகம் வெளிறிப் போனது.

"கடைக்குப் போய் அவனை..."

"போகலாம், நானே போறேன். அதுக்கு முன்னாடி, நீங்களும் இதுல இருக்கீங்களே. செவ்வாய்க்கிழமை பாத்திருக்கீங்க."

"அது... டிவில ஒண்ணும் இல்லாத நேரத்துல ஒண்ணு ரெண்டு தடவ. நீ சோபாவுல தூங்கிட்டு இருந்தே, வாயத் தெறந்துக்கிட்டு. ஒங்க அண்ணிகூட சிரிச்சா." சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"நல்லா சிரிச்சீங்களாண்ணே?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "ஞாயித்துக்கிழமை வந்த அந்த ஆளு யாரும்மா?" என்றார்.

"நான் சொல்லும்போது கேட்டுக்குங்க."

"நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"பாக்கறவங்க கேமரா இல்லாமயே பாக்கறாங்கண்ணே. அதுக்கெல்லாம் என்னால பாஸ்வேர்ட் போட முடியாது. இது என் கூடம், இதுக்குப் போடலாம்."

அதற்குள் என் போன் அடித்தது. மகன். வீடியோவில் வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எடுத்ததும் திட்டுவான் என்று பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்ததும் மூச்சை விட்டுவிட்டு அப்படியே தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

"சொல்லிட்டுச் செய்யக் கூடாதாம்மா? நீ விழுந்தப்ப ஏழு மணி நேரம் எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த மாதிரி இன்னொரு தடவ என்னால..."

"கண்ணா, நான் விழுந்தது எங்க?"

"பாத்ரூம்ல."

"நீ வெச்சது எங்க?"

அண்ணன் புத்தக அலமாரிக்கு மேலே இருந்த இரண்டு துளைகளை நிமிர்ந்து பார்த்தார்.

"கையில கட்டிக்கற பட்டன் ஒண்ணு இருக்காம். விழுந்தா நான் அழுத்தலாம். லேப்ல ஒரு பேஷண்ட் கட்டியிருந்தாங்க, நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாதாம். அத வாங்கி அனுப்பு, குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டேன். நான் அழுத்தினா நீ வா. நான் அழுத்தாதப்போ வராதே."

பிறகு கடை ஆளின் விஷயத்தைச் சொன்னேன். அவன் இரண்டு தடவை "இல்லம்மா, இருக்காதும்மா" என்றான். காகிதத்தைத் திரைக்கு நேராகப் பிடித்தேன். அவன் படிப்பது அவன் கண்களில் தெரிந்தது. என் பிள்ளைக்கு நான் அதைவிடப் பெரிய அடி கொடுத்ததில்லை. ஆனால் அதை அவன் தெரிந்துகொள்ளாமல் விட்டிருந்தால் அதுதான் துரோகம்.

"ஸாரிம்மா," என்றான். வெகுநேரம் கழித்து, "அன்னிக்கு டீ குடிக்க வந்தவரு யாரும்மா?"

"நீ கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் மொட்டைமாடிப் படியில நின்னுக்கிட்டு போன் பேசினே. ஞாபகம் இருக்கா?"

"அது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். என்னிக்காவது படியேறி வந்தேனா?"

"இல்ல."

"உன் போன வாங்கிப் பாத்தேனா?"

"இல்லம்மா."

"நீயா வந்து சொல்ற வரைக்கும் கீழயே நின்னேன். யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு எனக்கும் இருந்துச்சு. ஆனாலும் நின்னேன். இப்ப உன் முறை. கீழ நில்லு."

மகன் சிரித்தானா அழுதானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, படம் கொஞ்சம் உறைந்துவிட்டது. மறுபடி அசைந்தபோது, "அப்ப என்னை மறுபடியும் சேக்க மாட்டியா?" என்றான். சின்ன வயதில் விளையாட்டில் சேர்க்காவிட்டால் கேட்கிற அதே குரல். மனசு இளகியது. கை இளகவில்லை.

"வாசல் மணிக்கு மட்டும் சேக்கறேன். வந்து நின்னு அடி, நான் தெறக்கறேன்."

சரி என்று அவன் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை. அண்ணன் சாப்பிடாமலே கிளம்பினார், வாசல் வரை போய்த் திரும்பி, "அடுத்த தடவ நான் வந்தாலும் மணிதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போனார், அது சம்மதமா வருத்தமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கடைக்குத் திங்கட்கிழமை வேலை முடிந்து நேராகப் போனேன். முதலாளி முதலில் மழுப்பினார், பிறகு காகிதத்தைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். இன்னும் எத்தனை வீடுகளில் அந்தப் போன் இருக்கிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "தெரிஞ்சுக்கிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணுங்க. வெள்ளிக்கிழமை நான் மறுபடி வருவேன், பண்ணீங்களான்னு கேக்க. இல்லைன்னா இந்தக் காகிதத்தோட காவல் நிலையத்துக்குப் போவேன்," என்றேன். வெள்ளிக்கிழமை போனேன். பதினெட்டு வீடுகளின் பட்டியலைக் காட்டினார். அந்த ஆள் வேலையில் இல்லை என்றார். அது எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. பதினெட்டில் ஆறு பேரை நானே அங்கிருந்து கூப்பிட்டுச் சரிபார்த்தேன்.

அதற்கு இடையில் செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு ஐஸ்பெட்டி வந்தபோது, கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை டீக்கு வாங்க. சுவர் பேசாது."

அவர் சீட்டில் வெப்பநிலை எழுதிக்கொண்டிருந்தார். நாலு என்று எழுதினார். அதற்குப் பிறகும் பேனா அங்கேயே நின்றது.

"யார் கழட்டினா?"

"நான்தான்."

"நெஜமாவா?"

"சாம்பிளக் கெடுத்துடுவீங்க, மூடிய மூடுங்க," என்றேன். வரவேற்பு மேஜைக்காரி கணினிக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவர் மணியை அடித்தார். உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது அலமாரிக்கு மேலே இருந்த இரண்டு துளைகளையும், அவற்றைச் சுற்றி வட்டமாக வெளுத்துத் தெரிந்த சுண்ணாம்பையும்தான். பிறகு பச்சை உறை போட்ட சோபாவில் உட்கார்ந்தார். சம்பந்தியம்மா சொன்னதற்காக அல்ல, எனக்கும் பச்சைதான் பிடித்திருந்தது. இந்தத் தடவை பிஸ்கட் உடையவில்லை. அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். கேட்கும்போது என்னைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்தார். நானும் ஒரு பதில் சொன்னேன். அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பது கவர் ஒட்டியாகிவிட்டது.

கோப்பைகளை மறுபடி நிரப்பினேன். எனக்கு உள்ளே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"வெளிய உக்காரலாமா?" என்றேன்.

"வெளியவா? எல்லாரும் பாப்பாங்களே."

"பாக்கட்டும்."

கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு, வாசல் படியில், கோப்பைகளோடு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடித்தது. நாயைக் கூட்டிக்கொண்டு போனவர் நடையைக் குறைத்தார். சைக்கிளில் போன இரண்டு பேர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கையில் ஒரு வெள்ளைச் சட்டையோடு அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கும் எனக்கும் அதுவரை தலையசைப்புக்கு மேல் பழக்கமில்லை. அவர் சட்டென்று காலை மடக்கிக்கொண்டு எழப் பார்த்தார். நான் அவர் முழங்கையில் கை வைத்தேன், தினமும் எத்தனையோ பேர் கையைப் பிடிக்கிற அதே பிடியில். இன்னொரு கையை மேலே தூக்கி எதிர் மாடியைப் பார்த்து ஆட்டினேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு கையில் இருந்த ஈரச் சட்டையையே உயர்த்தி, மெல்ல, இரண்டு தடவை ஆட்டினாள். அதிலிருந்து தெறித்த தண்ணீர் வெயிலில் மின்னிக்கொண்டே தெருவில் விழுந்தது.